உருளைக்கிழங்கு அச்சில் கானா நாட்டுக் கலை

கேள்வி: ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பிற நாட்டுப் பண்பாட்டைக் கலை வேலைகள் மூலம் சொல்லித்தர முயல்கிறேன். கொடி வரைவதோடு நின்றுவிடுகிறது. வேறு என்ன செய்யலாம்?

பதில்: கொடியை விடுங்கள், அங்குள்ள மக்கள் கையால் செய்யும் ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். கானா நாட்டின் அசாந்தி மக்கள், சுரைக்குடுக்கை ஓட்டில் செதுக்கிய அச்சுகளை, மரப்பட்டையைக் காய்ச்சி எடுத்த கருஞ்சாயத்தில் தோய்த்துத் துணியில் பதிக்கும் ‘அடிங்க்ரா’ கலை இதற்கு மிகவும் பொருந்தும். பாதியாக நறுக்கிய உருளைக்கிழங்கில் வடிவத்தை நீங்களே செதுக்கி, வெட்டுமுகத்தின் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்துக் கொடுங்கள். இல்லையேல் சாயம் வழியும். அடிங்க்ரா வடிவங்களில் ஒன்றான, தலையைப் பின்புறம் திருப்பிய பறவை ‘சங்கோஃபா’, விட்டுவந்ததைத் திரும்பிச் சென்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இத்துணியை முன்பு பெரும்பாலும் துக்க நிகழ்வுகளில் உடுத்தினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லலாம். சிறுவர்கள் அதற்கு மிரளமாட்டார்கள், பெரியவர்கள்தாம் தயங்குகிறோம்.