புல்லட் இன்ஜின் கவரை மின்ன வைப்பது எப்படி?

பழைய புல்லட்டின் மங்கிய அலுமினிய கவர் கண்ணாடி போல மின்னுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மின்னும். பாதிக்கு மேல் வேலை வாட்டர் பேப்பரில்தான், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில்.

மேலே லாக்கர் என்ற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு இருந்தால் பெயின்ட் ரிமூவரால் முதலில் எடுத்துவிடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர் தொட்டு 400, 800, 1200, 2000 என்ற எண் தாள்களால் வரிசையாகத் தேய்க்க வேண்டும்; எண் கூடக் கூட தாள் நைசாகும். ஒவ்வொரு தாளுக்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய தாளின் கீறல் முழுதும் மறையும் வரை அடுத்ததைத் தொடாதீர்கள். அவசரப்பட்டால் அந்தக் கீறல் கடைசியில் வெயிலில் பல்லிளிக்கும்.

பிறகு மெட்டல் பாலிஷ். துணி கருப்பாகும், பயப்படாதீர்கள். தேய்ந்து வரும் அலுமினியத் துகள்தான் அது. காஸ்டிக் சோடா மட்டும் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். கடலோர ஊர் என்றால் கடைசியில் மெழுகு பூசுங்கள்.