படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா?

கேள்வி: ஐயா, கும்பகோணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 2014ல் வாங்கிய பைக். கடை விட்டால் வீடு, வீடு விட்டால் கடை. தாராசுரம் தாண்டி அது போனதே இல்லை. போன வாரம், சென்னையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதாக 1,000 ரூபாய் அபராதம் என்று செல்லுக்குச் செய்தி வந்தது. 'ஆயிரம்தானே, கட்டித் தொலையுங்க' என்கிறார் மச்சான். கட்டிவிடவா?
- மளிகைக் கடைக்காரர், கும்பகோணம்

பதில்: மச்சான் பேச்சைக் கேட்காதீர்கள் தம்பி. சலான் என்பது தீர்ப்பு இல்லை, உங்கள் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு. பணம் கட்டினால் 'ஆமாம், நான்தான்' என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

முதலில் மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, படத்தை இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். எழும்பூர் கோர்ட்டில் முப்பது வருஷம் கறுப்புக் கோட்டு மாட்டியவன் சொல்கிறேன், பாதி வழக்கு அந்தப் படத்திலேயே முடிந்துவிடும். 3-ஐ 8 என்று படித்திருப்பார்கள். அல்லது எண் உங்களுடையது, வண்டி வேறாக இருக்கும். உங்கள் வண்டியில் அரிசி மூட்டை கட்டும் கேரியர் இருக்குமே, படத்தில் இருக்கிறதா? 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் உண்டு. உங்களுடையது போன்ற பழைய பிளேட்டை எந்த ஸ்டிக்கர் கடையிலும் அச்சு அசலாக அடித்துவிடலாம்.

வண்டி வேறு என்றால், அதே தளத்தில் புகார் பகுதி இருக்கிறது. உங்கள் வண்டியின் படம், ஆர்.சி., அன்றைக்குக் கடை சிசிடிவியில் பைக் நிற்கும் காட்சி எல்லாவற்றையும் வைத்து எழுதுங்கள். சிசிடிவி பதிவு சில வாரத்தில் தானே அழிந்துவிடும், இன்றைக்கே எடுத்து வையுங்கள். கேமரா பிடித்த வழக்கென்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ல் வந்த 167ஏ விதி இருக்கிறது: தெளிவான படம், இடம், நேரம், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் எல்லாம் அவர்கள் தர வேண்டும்.

அதற்குள் வழக்கு விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்கு, போயிருந்தாலும் பயம் வேண்டாம். அங்கே கட்டுவதற்கு ஒரு வழி, எதிர்ப்பதற்கு ஒரு வழி. எதிர்க்கிறேன் என்றால் வழக்கு சாதாரண கோர்ட்டுக்கு மாறும். ஒன்றிரண்டு முறை சென்னைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் வக்கீலே இல்லை.

இதைவிட முக்கியம், உள்ளூர் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பதிவு செய்ததற்கான ஒப்புகை) வாங்குங்கள். உங்கள் எண்ணை ஒட்டிக்கொண்டு திரிகிறவன் நாளைக்கு யாரையாவது இடித்துவிட்டு ஓடினால், போலீஸ் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்.

படத்தில் இருப்பது நீங்களேதான் என்றால் கட்டிவிடுங்கள். நானும் கட்டியிருக்கிறேன். என் படத்தில் ஹெல்மெட் பத்திரமாகப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தது. என்னத்தை வாதாட?

கேள்வி: டிஜிலாக்கரில் லைசென்ஸைக் காட்டியும் ஏற்காமல், ஸ்கூட்டி சாவியைப் பிடுங்கிக்கொண்டார் ஒரு காவலர். இது சரியா?
- கல்லூரி ஆசிரியை, மதுரை

பதில்: சரியில்லை அம்மா. 2018 விதித் திருத்தத்துக்குப் பிறகு டிஜிலாக்கர், எம்பரிவாஹன் என்ற இரண்டு அரசுச் செயலிகளில் காட்டினாலும் செல்லும். கேலரியில் கிடக்கும் போட்டோ செல்லாது, அதைக் காட்டிவிட்டுச் சண்டை போடாதீர்கள். சாவியைப் பிடுங்கு என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அசல் லைசென்ஸை 206-வது பிரிவில் வாங்கி வைத்தால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஆனால் அதிவேகம், குடிபோதை, ஹெல்மெட் இல்லாமை போன்ற குற்றங்களுக்காக வாங்கியிருந்தால், லைசென்ஸ் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டை வைத்து வண்டி ஓட்ட முடியாது. நடுரோட்டில் சட்டம் பேசி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. பெயர்ப் பட்டையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, 'சலான் போடுங்க சார்' என்று மட்டும் கேளுங்கள். ரசீது இல்லாமல் பத்து ரூபாய்கூடக் கை மாறக் கூடாது.

கேள்வி: சலான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் வந்திருக்கிறது. திறக்கலாமா?
- ஓய்வுபெற்ற தபால்காரர், தென்காசி

பதில்: தொடாதீர்கள் ஐயா! ஏபிகே என்பது செல்லில் செயலியை நிறுவும் ஃபைல், வங்கிப் பணத்தைத் திருட மோசடிக்காரர்கள் அனுப்புவது. அபராதம் சொல்ல எந்த போலீஸும் செயலி அனுப்பாது. ஏற்கெனவே திறந்திருந்தால் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், அடுத்து வங்கிக்கு.