நெல்லையில் இருந்து குழந்தைகளோடு ஒரு நாள் சஃபாரி போக எப்படித் திட்டமிடலாம்?

கேட்டிருப்பது இதுதான்: பிள்ளைகள் சஃபாரி போகணும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். திருநெல்வேலியில் இருந்து, வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு, ஒரே நாளில் போய்த் திரும்ப ஓர் இடம் உண்டா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூண்டில்லாத வெளியில் சிங்கம் உலவ, நாம் வண்டிக்குள் உட்கார்ந்து பார்க்கிற சஃபாரி பார்க் நம் பக்கத்தில் கிடையாது. அது வண்டலூரில் இருக்கிறது. இங்கிருந்து ஓர் இரவு ரயில் தூரம், அதனால் ஒரு நாள் கணக்கில் வராது. பிள்ளைகளுக்குப் புலியும் சிங்கமும் கண்ணில் பட்டால் போதும் என்றால் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை இருக்கிறது. 1857-இல் ஆரம்பித்த பழைய இடம், மரங்கள் அடர்ந்து நல்ல நிழல். திங்கட்கிழமை விடுமுறை. ஆனால் நாகர்கோவில் வழியாகப் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு அதைச் செய்யாதீர்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. என் பதில், முதலில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், பிறகு முண்டந்துறைக் காடு. இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். இந்த வரிசை ஏன் என்று விளங்க எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பொங்கல் லீவுக்குச் சென்னையில் இருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தது. அண்ணன் மகளுக்கு ஏழு வயது. வண்டலூர் பார்த்துவிட்டு வந்தவள். "இங்கயும் புலி இருக்கு, நாளைக்குக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டோம். களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அந்தப் பெருமையில் வாயில் வந்துவிட்டது. ஆறு மணிக்கு வர வேண்டிய வேன் எட்டரைக்கு வந்தது. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் தாண்டிப் பாபநாசம் செக்போஸ்ட்டுக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேறு, வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் பைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பிஸ்கட், முறுக்கு, தண்ணீர் பாட்டில் எல்லாமே பிளாஸ்டிக். புலிகள் வாழும் காட்டுக்குள் அதை விட மாட்டார்கள், விடவும் கூடாது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவிழ்த்துத் துண்டில் முடிந்துகொண்டு போனோம்.

முண்டந்துறைக்குப் போகும்போது நல்ல உச்சிவெயில். அந்த நேரத்தில் எந்த விலங்கும் வெளியில் நிற்காது. நிழலுக்குள் படுத்துவிடும். காரையாறு பக்கம் இறங்கியதும் குரங்கு வந்து அம்மாவின் கையில் இருந்த பையைப் பறித்துக்கொண்டு ஓடியது. அம்மாவுக்குக் கை நடுங்கி, திரும்பும்வரை பேசவே இல்லை. வேனில் ஏறும்போது அந்தப் பிள்ளை, "அத்தை, புலி எங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அழவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மலையடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்தில் நாற்பது வருஷமாக இருக்கும் என் பெரியம்மா சிறுத்தையைப் பார்த்திருக்கிறார், கரடி கொல்லைப்புறம் வந்து போனதைப் பார்த்திருக்கிறார். புலியைப் பார்த்ததே இல்லை. ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், வண்டி பேசுவதற்கும் முன்னால், பிள்ளைகளிடம் என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்று யோசிப்பது. "நிச்சயம் பார்க்கலாம்" என்று தைரியமாகச் சொல்ல நம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரே இடம் கூந்தன்குளம். அதுவும் குளத்தில் தண்ணீர் கிடக்கிற வருஷம்.

நெல்லையில் இருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். 1994-இல் சரணாலயம் ஆனது. 2022 ஆகஸ்டில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் அதன் பெயரும் அறிவிக்கப்பட்டது. பட்டியல் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் அந்தப் பறவைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு அங்கே வெடி போடுவதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது என்பதும் கண்கூடு.

அந்த லீவு முடிவதற்குள் இன்னொரு நாள் அங்கே போனோம். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, வெளிச்சம் வரும்போது குளக்கரையில் இருந்தோம். தெருவுக்குள் திரும்பும்போதே மேலே நிழல் ஒன்று கடந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஓட்டு வீட்டுக் கூரைக்கு மேலே, கைக்கெட்டுகிற உயரத்தில் என்றே தோன்றியது, ஒரு கூழைக்கடா சிறகை அடிக்காமல் மிதந்து போகிறது. வாயில் நீளமாக ஒரு சுள்ளி. அடுத்த வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்தில் இறங்கி, அதை இணையிடம் கொடுத்தது. இணை அதை வாங்கிக் கூட்டின் ஓரத்தில் செருகியது. சரியாக உட்காரவில்லை போல, உருவி மறுபடியும் செருகியது. மரத்துக்கு அடியில் ஒரு ஆச்சி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் நடப்பதை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணன் மகள் கையைத் தட்டப் போனாள். "சத்தம் போடாதம்மா, குஞ்சு கீழ விழுந்திரும்" என்றார், அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பிள்ளை இரண்டு மணி நேரம் கிசுகிசுத்துத்தான் பேசினாள். கூட்டில் இருந்து விழும் குஞ்சுகளை எடுத்துவைத்து, மீன் கொடுத்து, பறக்கிற வரைக்கும் வளர்ப்பார்கள் என்று கேட்டதும், அதைப் பார்க்காமல் வர மாட்டேன் என்று நின்றாள்.

அன்றைக்கு நாங்கள் பார்த்தவை: சங்குவளை நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, தூரத்தில் ஒரு கோடு மாதிரி பூநாரைகள். வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்றும் இருந்தது. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். அதை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் அசையாமல் நிற்பார்கள். அம்மாவுக்கும் ஏறி இறங்கும் வேலை இல்லை. கரையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி எங்களைவிட அதிகமாகப் பார்த்தார்.

கூந்தன்குளத்துக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மழை பொய்த்து, மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் வராத வருஷம் குளம் காய்ந்து கிடக்கும், பறவைகளும் இருக்காது. கிளம்பும் முன்னால் அந்தப் பக்கம் தெரிந்தவர் யாரிடமாவது "குளத்துல தண்ணி கிடக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். பைனாகுலர் ஒன்று கட்டாயம் வேண்டும். இரவல் வாங்கியாவது கொண்டு போங்கள். ஊருக்குள் பெரிய கடை கிடையாது, சாப்பாட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குமேல் வெயிலில் நிற்க முடியாது. திரும்பி வந்து மத்தியானம் வீட்டில் படுத்து எழுந்துவிட்டு, சாயங்காலம் பிள்ளைகளை அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போனால் அந்த நாளும் நிறைவாக இருக்கும்.

இனி முண்டந்துறை. பிள்ளைகளுக்கு எட்டு வயதுக்குமேல் ஆகிவிட்டால், பொறுமையாகப் பார்க்கத் தெரிந்துவிட்டால், இதைவிட நல்ல காடு கிடையாது. தாமிரபரணிக்கும் சேர்வலாற்றுக்கும் நடுவில் கிடக்கிற மேட்டுநிலம் அது. கூந்தன்குளம் போய்வந்த பிறகு, ஒரு வருஷம் கழித்து நாங்கள் மறுபடி போனோம். இந்தத் தடவை முந்தின நாள் இரவே விக்கிரமசிங்கபுரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டோம். சொந்தக்காரர் இல்லாதவர்கள் அம்பாசமுத்திரத்தில் அறை எடுத்துத் தங்கலாம், அல்லது நெல்லையில் இருந்து ஐந்து மணிக்கே கிளம்பலாம். செக்போஸ்ட் திறக்கும்போது முதல் வண்டியாக நிற்க வேண்டும். அது ஒன்றுதான் இந்தப் பயணத்தின் சூட்சுமம்.

பிள்ளைகளிடம் புலி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "மிளா, புள்ளிமான், மலையணில், கருமந்தி, இந்த நாலுல எது முதல்ல கண்ணுல படுதுன்னு பாப்போம்" என்று ஒரு நோட்டைக் கொடுத்தோம். மிளா என்று நாம் சொல்லும் கடமான் காட்டோரத்தில் நின்றது, வண்டி நின்றதும் காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது. மலையணில்தான் எல்லோருக்கும் பிடித்துப்போனது. பூனை அளவு இருக்கும். மேலே செம்பழுப்பு, வயிறு வெளிர்நிறம், உடம்பைவிட நீளமான வால். கிளையில் பின்னங்காலால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, இரண்டு கையாலும் காயைச் சுழற்றிச் சுழற்றித் தின்றது. தோலெல்லாம் எங்கள் வண்டி மேலேயே உதிர்ந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் அப்படியே இருந்தோம். ஓடிக்கொண்டே இருந்தால் காட்டில் ஒன்றும் தெரியாது. நின்றால்தான் தெரியும்.

அதன்பிறகு காரையாற்றுப் பக்கம் போய், சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு, வெயில் ஏறும் நேரத்துக்கு அகஸ்தியர் அருவிக்கு இறங்கிவிட்டோம். வருஷம் முழுக்கத் தண்ணீர் விழுகிற அருவி அது. குளித்துச் சாப்பிட்ட பிறகு பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்களைப் பார்த்தோம். கோயிலுக்கு வருகிறவர்கள் கட்டிவந்த துணியை ஆற்றில் விடுகிற வழக்கம் இன்னும் நிற்கவில்லை, படித்துறையில் துணி துணியாகச் சுற்றிக் கிடக்கிறது. நீங்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழே நாம் எல்லோரும் குடிக்கிறோம். சாயங்காலம்வரை மலையில் நிற்க ஆசைப்பட வேண்டாம். பொழுது சாய்ந்தால் அடிவாரத்திலேயே கரடியும் சிறுத்தையும் இறங்கும். திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கலாம். நேரமிருந்தால் பத்தமடையில் பாய் நெய்வதையும் காட்டலாம்.

நாள் தேர்வில் ஏமாந்துவிடாதீர்கள். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஊரே திரண்டு தங்கியிருக்கும். அது திருவிழாவுக்குப் போகிற நேரம், விலங்கு பார்க்கிற நேரம் இல்லை. காணும் பொங்கலும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதையை அடைத்துவிடுவார்கள். புலிக் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களிலும் அனுமதி இருக்காது. சொந்த வண்டி எதுவரை போகலாம் என்பதும் அவ்வப்போது மாறுகிறது. ஆகவே இரண்டு நாள் முன்னதாக அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வார நாள் கிடைத்தால் அதுவே மேல்.

சாப்பாட்டுக்கு மதினி கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். இட்லிக்கு இருபுறமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டின வாழையிலையில் கட்டிவிட்டார். புளியோதரை எவர்சில்வர் தூக்கில். தண்ணீர் இரண்டு செம்புக் குடத்தில். செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்த்தவர் சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்தார். சாப்பாட்டை வண்டிக்குள் கதவை அடைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். குரங்குக்கு ஒரு பருக்கைகூடக் கொடுக்காதீர்கள். நாம் கொடுத்துப் பழக்கியதால்தான் அது அடுத்தவர் கையில் இருந்து பறிக்கிறது. அன்றைக்கு எங்கள் அம்மாவுக்கு நடந்ததும் அதுவே.

மலைப்பாதை வளைவில் வாந்தி எடுக்கிற பிள்ளை இருந்தால் முன் ஸீட்டில் உட்கார வையுங்கள், காலையில் பால் கொடுக்காமல் கூட்டி வாருங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

அண்ணன் மகள் அந்த நோட்டைச் சென்னைக்கு எடுத்துப்போய்விட்டாள். போன வாரம் போனில் கேட்டாள், "அத்தை, கூந்தன்குளத்துல தண்ணி வந்துட்டா?" என்று.