வாசகர் கேள்வி: கால்பந்து வீரர்களின் வசைமொழி

கேள்வி: தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சமூக ஊடகங்களில் பிறரை ஏசுவதை என் மகன் ரசித்துப் படிக்கிறான். இதற்குத் தண்டனையே இல்லையா, ஐயா?
– ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: உண்டு. நடுவர் ஹோவர்ட் வெப் ஒருசார்பானவர் எனக் குத்திக்காட்டி, அவர் எதிரணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் சட்டை அணிந்திருப்பதுபோல் ஒட்டிய படத்தை ட்விட்டரில் பகிர்ந்ததற்காக, லிவர்பூல் வீரர் ரயன் பாபெலுக்கு 2011-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 10,000 பவுண்டு அபராதம் விதித்தது. அச்சங்கத்தையே இழித்துரைத்த ஆஷ்லி கோல், மறு ஆண்டில் 90,000 பவுண்டு செலுத்த நேர்ந்தது. இவற்றைவிட என்னை வருத்தியது 2014-ஆம் ஆண்டு நிகழ்ச்சிதான்: தம் அணியைக் குறைகூறிய ஒருவருக்கு, அவருடைய தாயை இழிவுபடுத்தும் சொல்லால் விடையளித்த ரியோ பெர்டினாண்டுக்கு, 25,000 பவுண்டு அபராதத்துடன் மூன்று ஆட்டங்களில் விளையாடத் தடையும் விதிக்கப்பட்டது. இதனை உங்கள் மகனுக்குச் சொல்லி, அந்தத் தாயின் இடத்தில் தன் தாயை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.