விளிம்பில் இருக்கும் பெயர்

அன்புள்ள சார்,

நான் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத்தில் வேலை பார்க்கிறேன். பழைய நாணயங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் சேகரிப்பில் இறங்கினேன். போன மாதம் ஓர் ஏலத்தில் பிரிட்டிஷ் கடற்படைப் பதக்கம் ஒன்று வாங்கினேன். வெள்ளி. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை, மேலே ‘சிரியா’ என்று எழுதிய பட்டை, விளிம்பில் ஒரு மாலுமியின் பெயர். பதவியும் இல்லை, கப்பல் பெயரும் இல்லை. இந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? இன்னொரு வியாபாரி இதே பதக்கத்தை ‘டிரஃபால்கர்’ பட்டையோடு வைத்திருக்கிறார். சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாகச் சொல்கிறார். வாங்கலாமா?

அப்புறம் ஒன்று. “நம்மை அடக்கி ஆண்டவன் கொடுத்த பதக்கத்தை நாம எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்?” என்று என் மனைவி கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

கே., போர்ட்ஸ்மவுத்

*

அன்புள்ள கே.,

உங்கள் மனைவி கேட்டதுதான் மூன்றில் கனமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, இந்தப் பதக்கம் எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

நீங்கள் வாங்கியிருப்பது கடற்படைப் பொதுச் சேவைப் பதக்கம். 1793 முதல் 1840 வரை நடந்த சண்டைகளுக்கானது. ஆனால் அறிவிக்கப்பட்டதே 1847-ல்தான். அதுவரை பிரிட்டிஷ் அரசு கடற்போருக்குப் பதக்கம் கொடுக்காமல் இல்லை. 1794 முதல் தங்கப் பதக்கம் இருந்தது, ஆனால் அட்மிரல்களுக்கும் கேப்டன்களுக்கும் மட்டும். பீரங்கிக்குக் குண்டு சுமந்தவனுக்கும் பாய்மரத்தில் ஏறியவனுக்கும் அரசாங்கம் எதுவும் தரவில்லை. 1798-ல் நைல் சண்டை முடிந்ததும் பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் ஏஜெண்ட் அலெக்சாண்டர் டேவிசன் சொந்தக் காசில் எல்லோருக்கும் பதக்கம் அடித்தார். அதிலும் அதிகாரிகளுக்குத் தங்கமும் வெள்ளியும், மாலுமிகளுக்கு வெண்கலம். நெல்சன் வென்ற டிரஃபால்கர் கடற்சண்டைக்குப் பிறகு பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் தன் செலவில் பதக்கம் செய்தபோது மாலுமிகளுக்கு வந்தது பியூட்டர் என்ற மலிவான உலோகக் கலவை.

1847 அறிவிப்பு இந்த ஏற்பாட்டை மாற்றியது. அட்மிரலானாலும் அடுப்படி வேலைக்காரனானாலும் ஒரே வெள்ளி, ஒரே அளவு, விளிம்பில் அவரவர் பெயர், மேலே அவரவர் இருந்த சண்டையின் பெயர் எழுதிய பட்டை. ஆனால் உயிரோடு இருப்பவர்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் 1851 மே 1-க்குள். 1805-ல் டிரஃபால்கரில் பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்தவர்கள் 17,000-க்கும் மேல். அந்தப் பட்டையோடு பதக்கம் வாங்கியவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் செத்துப் போயிருந்தார்கள், அல்லது சேதியே போய்ச் சேரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவர் ஏதோ ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு லண்டன் அறிவிப்பை எப்படித் தெரிந்துகொள்வார்? மொத்தமே ஏறக்குறைய 21,000 பதக்கங்கள்தான் வழங்கப்பட்டன. நாற்பத்தேழு வருடச் சண்டைகளுக்கு.

யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்பதையும் பாருங்கள். 1794 ஜூன் 1-ல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த கடற்சண்டையின்போது ‘டிரெமண்டஸ்’ என்ற கப்பலிலேயே ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. டேனியல் டிரெமண்டஸ் மெக்கென்சி என்று பெயர் வைத்தார்கள். அவருக்குப் பதக்கம் கிடைத்தது. பட்டியலில் அவர் பதவி ‘குழந்தை’ என்றே பதிவாகியிருக்கிறது. அதே நேரத்தில் டிரஃபால்கரில் ‘டிஃபையன்ஸ்’ கப்பலில் இருந்த ஜேன் டவுன்ஷெண்டும், நைல் சண்டையில் ‘கோலியாத்’ கப்பலில் இருந்த மேரி ஆன் ரைலியும் ஆன் ஹாப்பிங்கும் விண்ணப்பித்தார்கள். காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டியும் வெடிமருந்து தூக்கிக் கொடுத்தும் நின்றவர்கள் கப்பல் பெண்கள். மூவருக்கும் கிடைக்கவில்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் இன்னும் எத்தனையோ பெண்கள் கேட்டு வருவார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அந்த மூவருக்கும் பதக்கம் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

சரி, உங்கள் ஆளைத் தேடுவோம். ‘சிரியா’ என்பது 1840. எகிப்தை ஆண்ட முகமது அலியின் படையைச் சிரியக் கரையிலிருந்து வெளியேற்ற பிரிட்டிஷ், ஆஸ்திரிய, துருக்கிக் கப்பல்கள் சேர்ந்து போன படையெடுப்பு. நவம்பர் 3-ம் தேதி ஏக்கர் கோட்டையைக் குண்டுகளால் துளைத்தார்கள். உள்ளே இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நொடியில் செத்தார்கள். உங்கள் கையில் இருக்கும் வெள்ளியின் மறுபக்கத்தில் இந்தச் சாவும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இதைச் சேகரிக்க முடியாது.

பதக்கம் அறிவித்தபோது நடந்து ஏழே வருடம் ஆகியிருந்த சண்டை என்பதால், சிரியா பட்டை வாங்கியவர்கள்தான் மிக அதிகம், ஏழாயிரம் பேர் அளவில். வழங்கல் பட்டியல் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏடிஎம் 171 என்ற வரிசையில் இருக்கிறது. அச்சிட்ட புத்தகங்களாகவும் கிடைக்கிறது. உங்கள் ஆளின் பெயர் அதில் ஒரே ஒரு தடவை வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஜான் ஸ்மித் மாதிரி பெயரென்றால் அதே பெயரில் பலர் இருப்பார்கள், எவருடைய பதக்கம் என்று அறுதியிட முடியாது. அதனால்தான் அரிய பெயருள்ள பதக்கத்துக்கு விலை கூடுதல்.

பட்டியலிலிருந்து கப்பலின் பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 1853-க்கு முன்னால் சாதாரண மாலுமிக்கென்று தனிச் சேவைக் கோப்பு கிடையாது. அவன் வாழ்க்கை கப்பலின் மஸ்டர் புத்தகத்தில்தான், அதாவது கப்பலில் இருந்தவர்களின் பெயர்ப் பதிவேட்டில்தான் இருக்கிறது. கப்பல் தெரியாமல் அதைத் தேட முடியாது. திறந்தால் வயது, பிறந்த ஊர், எந்தக் கப்பலிலிருந்து வந்தான், புகையிலைக்கும் துணிமணிக்கும் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள், ஓடிப்போனானா, செத்தானா என்பதெல்லாம் கிடைக்கும். முதல் தடவை அப்படி ஒரு வரியைப் படிக்கும்போது உங்களுக்கே புரியும், ஏன் சிலர் இதிலேயே ஆயுளைக் கழிக்கிறார்கள் என்று. நீங்கள் போர்ட்ஸ்மவுத்தில் இருக்கிறீர்கள். கியூ ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம்தானே, போய் வாருங்கள்.

டிரஃபால்கர் பதக்கம் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். சிரியாவும் டிரஃபால்கரும் ஒரே பதக்கம், பட்டைதான் வேறு. அதனால் மலிவான சிரியா பதக்கத்தின் பட்டையைக் கழற்றிவிட்டு டிரஃபால்கர் பட்டையை மாட்டி விற்பது எளிது. விலையைப் பேசுவதற்கு முன் விளிம்பில் உள்ள பெயரைப் பட்டியலில் தேடுங்கள். அந்தப் பெயருக்கு நேரே எந்தப் பட்டை என்று எழுதியிருக்கும். பெயரையே மாற்றும் கூட்டமும் உண்டு. பழைய எழுத்தை அரத்தால் தேய்த்துவிட்டுப் புதுப் பெயரைப் போடுவார்கள். தேய்த்தால் விட்டம் குறையும். 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெர்னியர் அளவுகோலால் நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள், பூதக்கண்ணாடியில் எழுத்துகளையும் பாருங்கள். அசலில் எழுத்துகள் அச்சால் அழுத்திக் குத்தப்பட்டவை. உளியால் செதுக்கியது போல இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்தச் சோதனைக்கெல்லாம் நேரம் தராமல் பணத்தைக் கேட்கும் வியாபாரியிடம் வாங்க வேண்டாம்.

இப்போது உங்கள் மனைவியின் கேள்வி. 1811-ல் டச்சுக்காரர்களிடமிருந்து, அதாவது அப்போது அவர்களை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து, இன்று இந்தோனேசியாவில் இருக்கும் ஜாவா தீவைப் பிடிக்கப் போன கப்பல்களில் பல நம் சென்னையிலிருந்துதான் புறப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். இன்று மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் சொல்லும் படைப்பிரிவின் முன்னோர்களும் போனார்கள். அவர்களுடைய போர் விருதுகளில் ஜாவாவும் ஒன்று. அதே ஜாவாவுக்காக ஆங்கிலேய மாலுமிக்கு முப்பத்தாறு வருடம் கழித்து ‘ஜாவா’ பட்டையோடு, பெயர் பொறித்த இந்தப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. நம் சிப்பாய்க்கு முன்னாலேயே கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுத்துவிட்டது. அழகான பதக்கம். ஜாவாவின் கார்னெலிஸ் கோட்டையைப் பிடிக்கும் காட்சி ஒரு பக்கம், பாரசீக எழுத்து மறுபக்கம். ஆனால் அதன் விளிம்பில் பெயர் கிடையாது. இன்று அதில் ஒன்று என் கையில் கிடைத்தாலும் அதை அணிந்தவர் தஞ்சாவூர்க்காரரா, வங்காளியா, ஊருக்குத் திரும்பினாரா என்று என்னால் சொல்லவே முடியாது.

எனக்கு வலிப்பது அந்த வெறும் விளிம்புதான். பெயர் எழுதப்பட்டவன் ஆங்கிலேயன் என்பதற்காக அவனை வெறுக்க எனக்குத் தோன்றவில்லை. அவனும் கூலிக்குக் கப்பலேறிய ஏழைதான். அவனைக் குறித்த ஒரு வரி பிழைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால், நம்மவர்களைக் குறித்த வரிகள் எந்தச் சம்பளப் பதிவேட்டில், எந்த ஓய்வூதியப் பட்டியலில் ஒளிந்திருக்கின்றன என்று தேடவும் பழகிவிடுவோம். சாம்ராஜ்யத்தைக் கும்பிடுவதற்காக யாரும் இதை வாங்க வேண்டியதில்லை. உங்கள் மனைவி அப்போதும் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதுவும் நியாயமே. அவரையும் கியூவுக்கு அழைத்துப் போய் அந்த மஸ்டர் புத்தகத்தைக் காட்டுங்கள்.

கடைசியாகச் சில வேலைகள். பதக்கத்தைப் பாலீஷ் போடாதீர்கள். கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும், தேய்க்கத் தேய்க்க ராணியின் முகமும் எழுத்தும் போய்விடும். பழைய பட்டு ரிப்பன் இருந்தால், நைந்திருந்தாலும் கழற்றி எறிய வேண்டாம். ஏக்கர் சண்டைக்காகத் துருக்கி சுல்தானும் ஒரு பதக்கம் கொடுத்தார், மாலுமிகளுக்குச் செம்பில். அதிலும் பெயர் இருக்காது. எனவே உங்களுடையதோடு சேர்ந்து அப்படி ஒன்று ஏலத்துக்கு வந்ததா என்று ஏல நிறுவனத்தையே இப்போதே கேளுங்கள். இரண்டும் ஒருவருடையவை என்றால், பிரிந்த பிறகு அதை நிரூபிக்க வழியே இல்லை. கியூவில் எடுக்கும் நகல்களைப் பதக்கத்தோடு ஒரே உறையில் வையுங்கள். அந்த ஆளின் கப்பல் எதுவென்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.