வடசேரி உழவர் சந்தை, திங்கள்சந்தை: காய் வாங்குறதப் பத்தி கேளுங்க, சொல்லுதேன்

பூதப்பாண்டி பக்கம் வாழை, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), கொஞ்சம் கீரை போட்டிருக்கேன், நாகர்கோவில் வடசேரி உழவர் சந்தைல கடை உண்டு, கிழமைச் சந்தைக்கும் போவேன். கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்சத சொல்லுதேன்.

கேள்வி (தக்கலை): அண்ணே, உழவர் சந்தைல பேரம் பேசலாமா? எங்க அத்தை பேசச் சொல்லுதாவ, அங்க போனா எல்லாரும் சிரிக்காவ.

அங்க பேசாண்டாம் மக்கா. காலைலயே அன்னைக்கு விலைய போர்டுல எழுதிப் போட்டுருவாங்க, மொத்த விலைக்கு மேலயும் வெளிக்கடை விலைக்குக் கீழயும் நிக்க மாதிரி. 1999ல மதுரைல முதல் உழவர் சந்தை தொறந்ததுல இருந்தே ஏற்பாடு அதுதான், இடைல புரோக்கர் கிடையாது, அடையாள அட்டை வச்சிருக்க விவசாயிதான் உள்ள உக்காரலாம். போர்டு விலைக்கு மேல கேட்டா அங்கயே ஆபீஸ் இருக்கு, போய் சொல்லுங்க. பேரமெல்லாம் திங்கள்சந்தை மாதிரி இடத்துல வச்சுக்கிடுங்க. அங்கயும் கால் கிலோவுக்கு நின்னு மல்லுக்கட்டாம, மிச்சம் கிடக்கத மொத்தமா எடுத்துக்கிடுதேன்னு சொல்லிப் பாருங்க, அவங்களே குறைப்பாங்க, திரும்பத் தூக்கிட்டுப் போற ஆட்டோ கூலி மிச்சமாகுதுல்லா.

கேள்வி (நாகர்கோவில்): மரச்சீனி எப்படிப் பாத்து வாங்கணும்? ஒரு தடவை நல்லா இருக்கு, அடுத்த தடவை எவ்வளவு நேரம் அடுப்புல கிடந்தாலும் வேக மாட்டேங்குது.

இது நல்ல கேள்வி. வேகாததுக்குக் காரணம் பெரும்பாலும் மழை. நல்லா காஞ்சு கிடந்துட்டு திடீர்னு மழை பெஞ்சா செடி புதுசா தளிர் விடும், அதுக்கு கிழங்குல இருக்க மாவத்தான் எடுத்துக்கிடும், அந்த நேரம் பறிச்ச கிழங்கு கண்ணாடி மாதிரி கிடக்கும், குக்கர்ல போட்டாலும் பிரயோஜனம் இல்ல. அதனால எப்ப பறிச்சதுன்னும் கேளுங்க, உங்க பக்கம் மழை பெஞ்சுதான்னும் கேளுங்க, நேரா விளைவிச்சவங்ககிட்ட வாங்குனா இதுக்குப் பதில் கிடைக்கும், கடைக்காரருக்குத் தெரியாது. ஒடிச்சா டப்புன்னு ஒடியணும், வளைஞ்சா பழசு. உள்ள நீலக் கோடு ஓடியிருந்தா எடுக்காதீங்க, பறிச்சு ரெண்டு மூணு நாள்லயே அது வந்துரும், வெட்டுப்பட்ட இடத்துல இருந்துதான் தொடங்கும். கழுவி வெள்ளையா அடுக்கி வச்சிருக்கதவிட மண்ணோட கிடக்கதுதான் எனக்கு நம்பிக்கை. வெந்த தண்ணிய ஊத்திக் களஞ்சிருங்க, பச்சைக் கிழங்குல சயனைடு சமாச்சாரம் கொஞ்சம் உண்டு. கசந்தா திங்காண்டாம். 1880கள்ல விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர்ல பரப்பிவிட்ட கிழங்கு, இன்னைக்கும் நம்ம ஊர்ல மீன்கறின்னா கூட இதுதானே.

கேள்வி (மார்த்தாண்டம்): பிள்ளைக்கு மட்டி வாழைப்பழம் குடுக்கணும், கல்லு வச்சுப் பழுக்க வச்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

மொதல்ல மோந்து பாருங்க. மட்டி பழுத்தா பக்கத்துல நின்னாலே வாசம் வரும், வாசம் இல்லாத மட்டி எதுக்கு? தோல் முழுக்க பளிச்சுன்னு ஒரே மஞ்சளா இருக்கும், காம்பு மட்டும் பச்சையா நிக்கும், உரிச்சா உள்ள கட்டியா இருக்கும், அப்படின்னா சந்தேகப்படலாம். கார்பைட் கல்லு வச்சுப் பழுக்க வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நான் சொல்லுதது, முக்கால் விளைச்சல்ல ஒரு படலை (சீப்பு) காயா வாங்கி வீட்டுலயே தொங்க விடுங்க. 2023ல கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைச்ச பெறவு, மெலிஞ்ச வேற பழத்தையும் மட்டின்னு சொல்லி விக்காவ, நுனி கூரா விரல் மாதிரி இருக்கான்னு பாத்துக்கிடுங்க.

கேள்வி: ஏத்தன் (நேந்திரம்) வாழை விலை ஏன் திடீர்னு ஏறுது?

ஓணம் வருதுல்லா. ஆவணில கேரளாக்காரங்க சிப்ஸுக்கும் சமையலுக்கும் அள்ளிட்டுப் போவாங்க, குலை லாரில ஏறுன பெறவு மிஞ்சுறதுதான் இங்க வரும். தோவாளைல பூவும் அதே கதைதான். அவசரம் இல்லைன்னா ஓணம் கழியட்டும்.

கேள்வி (கோட்டார்): கருப்பட்டில சீனி கலந்திருக்கான்னு பாக்க வழி உண்டா?

உடைச்சுப் பாத்தா உள்ள மினுமினுன்னு கல்லு தெரிஞ்சா எடுக்காதீங்க. அதைவிட எளிய வழி விலை. பனை ஏறுறதுக்கு ஆளே கிடைக்காத காலத்துல, அக்கானிய (பதநீர்) மணிக்கணக்குல காய்ச்சி எடுக்க சாமான, வெல்லம் விலைக்கு யாரு குடுப்பாவ? மலிவா கிடைச்சா அது கருப்பட்டி இல்ல, அவ்வளவுதான்.

கேள்வி: ஆர்கானிக்னு எழுதி வச்சிருக்காங்களே, நம்பலாமா?

போர்டப் பாக்காதீங்க, என்ன உரம் போட்டீங்க, பூச்சிக்கு என்ன அடிச்சீங்கன்னு கேளுங்க. உண்மையா விளைவிச்சவன் அரை மணி நேரம் பேசுவான், நீங்கதான் ஓடணும்.

கேள்வி: கவர் குடுப்பாங்களா?

பிளாஸ்டிக் கவருக்கு 2019ல இருந்தே தடை. மஞ்சப்பை கொண்டு வாங்க, கீரைக்குத் தனியா ஒண்ணு.

கேள்வி (வெட்டூர்ணிமடம்): ஞாயித்துக்கிழமை 10 மணிக்கு மேலதான் எழும்புவோம், வந்தா ஏதாவது கிடைக்குமா அண்ணே?

சேனை, பூசணி, தேங்கா கிடைக்கும். கீரை 7 மணிக்கே தீந்துரும் தம்பி.