கூப்பிட்டாலும் திரும்பாத அந்த 10 செகண்ட்

என் பையனுக்கு 4 வயசுல ஆட்டிசம்னாங்க, இப்ப 7 வயசுல ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்குற பிரச்சனைங்காங்க, அப்போ முதல் டாக்டர் சொன்னது தப்பா, 3 வருஷம் தெரபிக்கு அலைஞ்சதெல்லாம் வீணான்னு செங்கோட்டையில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க.

வீணாகல அம்மா. ரெண்டு டாக்டரும் சொன்னது சரியாவே இருக்கலாம், ஆட்டிசம் உள்ள நிறைய பிள்ளைங்களுக்கு ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கும். டாக்டருங்க பாக்குற டிஎஸ்எம்ங்கிற அமெரிக்க கையேட்டுல ஆட்டிசம்னு எழுதிட்டா ஏடிஹெச்டி எழுதக்கூடாதுன்னே இருந்துச்சு, 2013லதான் அத மாத்தினாங்க. உங்க லெட்டர்லயே ரெண்டும் தெரியுது, ஸ்கூலுக்கு தினமும் ஒரே தெரு வழியாத்தான் போகணும்னு அழுறான், அதே பையன் பாதி வழியில கைய உதறிட்டு ஓடுறான், கொல்லம் ட்ரெயின் வீடியோன்னா 2 மணி நேரம் அசையாம பாக்கான், ஹோம்வொர்க்குன்னா 2 நிமிஷம் உக்கார மாட்டேங்கான். கவனம் அவன்கிட்ட இருக்கு, நாம சொல்ற பக்கம் அத திருப்பத்தான் அவனால முடியல. திமிருன்னு அடிக்காதீங்க.

மொபைல் குடுத்ததால ஆட்டிசம் வராது. புனலூர் அச்சம்மா, அதான் அப்பாவோட அம்மா, மலையாளம் பேசுறதால பிள்ளை குழம்பல, அவங்கள பேச வேண்டாம்னு சொன்னீங்கன்னா முதல்ல போய் பேசச் சொல்லுங்க.

என்னை நிறுத்தினது நீங்க கடைசியில போற போக்குல எழுதின வரிதான். பேசிட்டே இருக்கும்போது டக்குனு நின்னு வெறிச்சு பாக்கான், இமை படபடன்னு துடிக்குது, 10 செகண்ட்ல விட்ட இடத்துல இருந்து பேசுறான், டீச்சர் கவனக்குறைவுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த தடவை பேர் சொல்லி கூப்பிட்டு தோள தொடுங்க. திரும்பினா பெரும்பாலும் ஏதோ யோசனையில இருந்திருப்பான். தொட்டும் திரும்பாம, முடிஞ்சப்புறம் நடந்ததே தெரியாம இருந்தா அது ஆப்சென்ஸ் வலிப்பா இருக்கலாம், இதுல கை கால் வெட்டாது, அதனாலதான் யாருக்கும் தெரியாம போகுது. ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்கு வலிப்பு மத்த பிள்ளைங்கள விட அதிகமா வரும், அதனால இந்த வாரமே திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ்ல மூளை நரம்பு பாக்குற நியூராலஜியில காட்டி, தலையில ஒயர் ஒட்டி மூளையோட மின் அலைய பாக்குற ஈஈஜி டெஸ்ட் எடுங்க. தலைக்கு எண்ணெய் வேண்டாம், ஒயர் ஒட்டுறத பொம்மை தலையில ஒட்டி முன்னாடியே காட்டிப் பழக்குங்க, டெஸ்ட்ல காத்தாடிய 3 நிமிஷம் ஊதச் சொல்லலாம், அத மட்டும் வீட்ல விளையாட்டா ஊதவிட வேண்டாம், வேகமா மூச்சு விட்டா இந்த வலிப்பு கிளம்பும்.

நாத்தனாரோட கார்பமாசெபின்ங்கிற வலிப்பு மாத்திரைய பாதி உடைச்சு குடுத்துப் பாக்கலாமான்னு கேட்டிருக்கீங்க, படிச்சதும் எனக்கு கோபம்தான் வந்துச்சு. ஒருத்தர் வலிப்புக்கு கேக்குற மாத்திரை இன்னொருத்தர் வலிப்புக்கு ஆகாம போகலாம், ஆப்சென்ஸா இருந்தா இது அத கூட்டி விட்டுரலாம். வீடியோவுல யாரோ உடம்புல இருந்து மெட்டல் எடுத்து ஆட்டிசத்த சரி பண்றேன்னு மருந்து விக்கிறானே, அதுவும் வேண்டாம், உயிருக்கே ஆபத்தாகும்.

ஏடிஹெச்டி மாத்திரைக்கு பையன் அடிமையாயிருவானோன்னு பயப்படுறீங்க. டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா பொதுவா அப்படி ஆகுறதில்ல. பசி, தூக்கம் குறையலாம், ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்கு எரிச்சலும் கூடலாம், அதான் எடை, பிபி, நாடி பாத்து கொஞ்சமா ஆரம்பிப்பாங்க. அந்தப் பேச்சு ஈஈஜிக்கு அப்புறம்.

ரிசல்ட் வர்ற வரைக்கும் குளம், குற்றாலம் அருவி, மொட்டை மாடின்னு எங்கயும் தனியா விடாதீங்க. உடம்பு வெட்டுற வலிப்பு வந்து 5 நிமிஷத்துக்கு மேல நிக்கலன்னா 108. வெறிச்சு பாக்குறத போன்ல வீடியோ எடுத்து வைங்க, டாக்டர்கிட்ட ஃபைல நீட்டுறதுக்கு முன்னாடி அத காட்டுங்க.